மறுசான்றிதழ் குழுவில் எங்களுக்கும் இடம் வேண்டும், உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் கால்நடை மருத்துவச் சிறப்புப் பிரிவுகளில் டிப்ளமேட்டாக (தேர்வெழுதிச் சான்று பெற்ற சிறப்பு மருத்துவராக) இருக்கும் நம் ஆட்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

நான் தேர்வில் தேறியது 2017-இல். 2016 முதல் தேறியவர்களுக்குச் சான்றிதழ் 10 ஆண்டுகள்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்; 2016-க்கு முன் தேறிய பலருக்கோ ஆயுள் முழுக்கச் செல்லும். விதியோடு எனக்குச் சண்டை இல்லை, பத்து வருடத்தில் மருந்தும் ஸ்கேனும் எவ்வளவோ மாறிவிடுகின்றன, தன் நாயை நம்பி நம்மிடம் விடுபவருக்கு அந்த உறுதி வேண்டும். ஆனால் புதுப்பிக்க எந்தப் பணிக்கு எத்தனை புள்ளி என்று தீர்மானிக்கும் எங்கள் மறுசான்றிதழ் குழுவில் அத்தனை பேரும் ஆயுள் சான்றிதழ் உள்ளவர்கள். போன வாரம், புதுப்பிக்க நான் அனுப்பிய கோப்பு திரும்பி வந்தது. ரெசிடென்ட்டுகளுக்கு (சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கு) ஒவ்வொரு வியாழனும் காலை ஏழு மணிக்கு நான் நடத்தும் கேஸ் ரவுண்ட்ஸ் எனும் நோயாளிகள் பற்றிய கலந்தாய்வை, ஆறு வருடக் கையெழுத்துப் பதிவேட்டோடு அனுப்பியும், "தகுதியில்லை" என்ற ஒற்றை வார்த்தையில் முடிந்துவிட்டது. மனசு ஆறவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் துணைவிதித் திருத்தம் கொண்டுவரப் போகிறேன்: குழுவில் பாதிப் பேராவது காலவரம்புச் சான்றிதழ் உள்ளவர்களாக இருக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டை வேறு ஆட்கள் விசாரிக்க வேண்டும். உங்கள் அமைப்பில் இப்படி விதி இருந்தால் அதன் வாசகத்தை அப்படியே அனுப்புங்கள். அப்புறம், ஏபிவிபி-யில் (American Board of Veterinary Practitioners என்ற சிறப்பு மருத்துவர் அமைப்பில்) எல்லோருமே 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்களே, அங்கே இருப்பவர்கள் கற்பித்தலுக்கு எப்படிப் புள்ளி தருகிறார்கள் என்று சொன்னால் பெரிய உதவி.