வார்டன் என்பவர் காப்பாளரா, காவலரா, கண்காணிப்பாளரா?

கேள்வி: பென்னாகரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழாக்கிப் படித்து வருகிறோம். கடந்த இரண்டு மாதங்களில் ‘வார்டன்’ என்ற சொல் நான்கு கதைகளில் நான்கு விதமாக வந்துவிட்டது. முதலாவது ஓர் அமெரிக்கச் சிறைச்சாலைக் கதை. இரண்டாவது இங்கிலாந்தின் கிராமத் தேவாலயம் ஒன்றில் நடப்பது. மூன்றாவதில் ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றின் வார்டன் விருந்தளிக்கிறார். நான்காவதில் ஒரு மூதாட்டி அடுப்படியில் வார்டன்களைத் தோல் சீவிக்கொண்டிருக்கிறார். நான் விடுதியில் தங்கிப் படித்தவள் என்பதால் எல்லா இடத்திலும் ‘காப்பாளர்’ என்றே எழுதி வைத்தேன். வாசித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அகராதியோ காப்பாளர், காவலர், பாதுகாவலர், மேற்பார்வையாளர் என்று சொற்களை வரிசையாகக் கொடுக்கிறதே தவிர, எதை எங்கே இடுவது என்று சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: அரூர், ஓய்வு பெற்ற விடுதிக் காப்பாளர்

அம்மா, தங்கள் ‘காப்பாளர்’ விடுதியைப் பொறுத்தவரை சரியான சொல்தான். அரசு மாணவர் விடுதிகளின் பெயர்ப்பலகையிலும் பதிவேடுகளிலும் காப்பாளர் என்றும், மாணவியர் விடுதியானால் காப்பாளினி என்றும்தான் எழுதுவோம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளைகூட என்னைக் ‘காப்பாளர் ஐயா’ என்று அழைத்ததில்லை. அவர்களுக்கு நான் ‘வார்டன் சார்’தான். விடுதியில் இரவுக் காவலர் என்று தனியாக ஒருவர் உண்டு, சமையலரும் உண்டு. அரிசி பருப்பு இருப்பைச் சரிபார்ப்பது, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவது, காய்ச்சலில் படுத்த பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பெற்றோருக்குப் பதில் சொல்வது ஆகியவையே வார்டனின் வேலை. ஆகவே விடுதி வார்டனைக் ‘காவலர்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் கைவிளக்குடன் வாசலில் அமர்ந்திருக்கும் வேறொருவரே வந்து நிற்பார்.

மறுமொழி: ஓசூர், மொழிபெயர்ப்பாளர்

முதலில் சொல்லின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு வழக்குகளிலிருந்து நுழைந்தன. வட பிரெஞ்சு வழக்கில் ‘வ’ என்று தொடங்கிய ஜெர்மானிய வேர்ச்சொற்கள், நடு பிரெஞ்சு வழக்கில் ‘க’ ஒலியுடன் தொடங்கின. அதனால்தான் வார்டன், கார்டியன் இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாகவும், வார்டும் கார்டும் அவ்வாறே, வாரண்டியும் கேரண்டியும் அவ்வாறே இரட்டைகளாகவும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டன. மருத்துவமனை வார்டு, நகராட்சி வார்டு ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே: காவலுக்கோ கவனிப்புக்கோ ஒருவர் பொறுப்பில் விடப்பட்ட பகுதி என்பதே அடிப்படைப் பொருள்.

இனிச் சிறைக்கு வருவோம். அமெரிக்கச் சிறையில் வார்டன் என்பவர் அந்தச் சிறைக்கே தலைவர். நம் வழக்கில் சிறைக் கண்காணிப்பாளர். நம் நாளிதழ்கள் ‘சிறை வார்டன்’ என்று எழுதுவதோ, கைதிகளின் அறைகளைப் பூட்டித் திறக்கும் சிறைக் காவலரை. அவருக்குரிய ஆங்கிலச் சொல் உண்மையில் ‘வார்டர்’. கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு, நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆகவே உங்கள் அமெரிக்கக் கதையில் ‘சிறைக் காவலர்’ என்று எழுதினால், ஆணையிடுபவரை ஆணைக்குக் கீழ்ப்படிபவராக்கிவிடுவீர்கள். இதே தலைமைப் பதவிக்குப் பிரிட்டனில் ‘கவர்னர்’ என்று பெயர் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை ‘ஆளுநர்’ என்று மொழிபெயர்த்து, சிறைக்குள் ராஜ்பவனைக் கொண்டுவந்து நிறுத்திய ஒரு தமிழாக்கத்தை நானே திருத்தியிருக்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன், நியூ காலேஜ், ஆல் சோல்ஸ் போன்ற சில கல்லூரிகளின் தலைவருக்கே வார்டன் என்று பெயர். அங்கே ‘கல்லூரித் தலைவர்’ என்பதே போதும். தேவாலய வார்டன் குருவானவர் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் பங்குகளில், அதாவது ஊர்ச் சபைகளில், சபையார் தங்களுக்குள்ளிருந்து வழக்கமாக ஆண்டுக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து, ஆலயத்தின் உடைமைகளையும் ஒழுங்கையும் அவர்கள் பொறுப்பில் விடுகிறார்கள். நம் கோயில் தர்மகர்த்தாவின் வேலைக்கு இது நெருக்கமானது என்றாலும் அந்தச் சொல்லை அங்கே இட்டால் விபூதி வாசனை வீசும். ‘ஆலயப் பொறுப்பாளர்’ என்று எழுதுவேன்.

ஒரே சொல் கடைநிலை ஊழியரையும் தலைவரையும் குறிப்பதில் வியப்படைய வேண்டியதில்லை. ‘காவலன் காவான் எனின்’ என்று குறள் முடியும் இடத்தில் காவலன் என்பவன் நாடாளும் மன்னன். இன்று காவலர் என்றால் காவல் நிலையத்தில் பணிபுரிபவர், காவலாளி என்றால் ஏ.டி.எம். வாசலில் இருப்பவர், காவல்காரர் என்றால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் குடிசை போட்டுத் தங்கியிருப்பவர். வேர் ஒன்றாக இருந்தும் விகுதி மாற மாற ஆளின் நிலை மாறிவிடுகிறது. எனவே அகராதியைத் திறப்பதற்கு முன், கதையில் அவர் யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானே வந்து அமரும். இன்னொன்று, எங்கள் ஓசூரிலிருந்து எல்லை தாண்டினால் விடுதிக் காப்பாளருக்குக் கன்னடத்தில் ‘நிலயபாலக’ என்று பெயர். அவர்கள் ‘காவல்’ என்ற சொல்லையே தொடாமல் தப்பித்துவிட்டார்கள்.

மறுமொழி: அஞ்செட்டி

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் காட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியது. இங்கே ஓசூர் வனக்கோட்டத்தின் தலைமைப் பொறுப்பிலிருக்கும் அதிகாரியைச் செய்திகளில் ‘வன உயிரினக் காப்பாளர்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அவர் வார்டன். ஆனால் தினமும் காட்டுக்குள் நடந்து ரோந்து செல்லும் ஊழியரின் பதவிப் பெயர் ‘வனக்காப்பாளர்’. ஆங்கிலத்தில் அவர் கார்டு. அவருக்கும் கீழே ‘வனக்காவலர்’ இருக்கிறார். ‘உயிரின’ என்ற ஒரு சொல் விடுபட்டால் அதிகாரி ஊழியராகிவிடுவார் என்பதால், மொழிபெயர்ப்பவர்கள் இங்கே விகுதியை மட்டும் நம்ப முடியாது. ராகிக் கொல்லையில் பரண் மேல் அமர்ந்து இரவெல்லாம் யானையை விரட்டும் எங்களையும் காவல் காப்பவர்கள் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் எங்களுக்குப் பதவிப் பெயர் எதுவும் கிடையாது.

மறுமொழி: கிருஷ்ணகிரி, ஒரு தந்தை

வார்டு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை நான் சங்கடப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் மகன் படித்த கல்லூரியிலிருந்து ‘உங்கள் வார்டு தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நான் எங்கள் வார்டு கவுன்சிலர் சம்பந்தப்பட்ட ஏதோ விவகாரம் என்று எண்ணி இரண்டு நாள் அதை மேசை மேலேயே வைத்திருந்தேன். பிறகு ஒரு வழக்கறிஞர் நண்பர்தான் 1890ஆம் ஆண்டின் கார்டியன்கள், வார்டுகள் சட்டத்தை எடுத்துக்காட்டி, பாதுகாவலர் பொறுப்பில் இருக்கும் இளையவரே வார்டு என்று விளக்கினார். காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் ஒரே வேர் என்று ஓசூர் ஐயா எழுதியதைப் படித்தபோது அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது.

மறுமொழி: பென்னாகரம் வாசகி

அனைவருக்கும் மிக்க நன்றி. சிறைக் கதையில் கண்காணிப்பாளர் என்றும், ஆலயக் கதையில் பொறுப்பாளர் என்றும், ஆக்ஸ்போர்டில் கல்லூரித் தலைவர் என்றும் திருத்திவிட்டேன். விடுதி வரும் கதைகளில், எழுத்தாளர் விவரிக்கும் இடத்தில் காப்பாளர் என்றும், பிள்ளைகள் பேசும் இடத்தில் ‘வார்டன் சார்’ என்றும் எழுதலாம் என்று தோன்றுகிறது. ஆனால் மூதாட்டி தோல் சீவும் வார்டன் என்னவென்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே?

மறுமொழி: ஓசூர், மொழிபெயர்ப்பாளர்

மறந்துவிட்டேன், மன்னிக்கவும். அது ஒரு பழைய வகைப் பேரிக்காய். பச்சையாகக் கடிக்க முடியாத அளவுக்குக் கடினமானது. குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும், வேகவைத்துத்தான் உண்பார்கள். ‘சமையல் பேரிக்காய்’ என்று எழுதிவிடுங்கள்.