தெரு போட்ட செலவில் வீட்டுக்காரர் பங்கு: ஒரு சொல் வேண்டும்

க., மினசோட்டா:

நண்பர்களே, ஒரு கடிதத்தைத் தமிழில் பெயர்க்க வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தமிழ்த் தம்பதி, இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நகரமன்றக் கடிதத்தோடு வந்து நின்றார்கள். தெருவைக் கிளறிப் புதுத் தார் போடப் போகிறார்களாம். செலவில் ஒரு பகுதியை அந்தத் தெரு வீட்டுக்காரர்களிடமே பிரித்து வாங்குவார்கள். இவர்கள் மனைக்குத் தெருப்பக்கம் 80 அடி முகப்பு, அந்த அடிக்கணக்கில் பங்கு. கடிதத்தின் தலைப்பு ‘ஸ்பெஷல் அசெஸ்மென்ட்’. பேரன் கைப்பேசியில் பெயர்த்துக் காட்ட, ‘சிறப்பு மதிப்பீடு’ என்று வந்திருக்கிறது. யாரோ வீட்டை மதிப்பிட வருகிறார்கள் என்று பெரியவர் கூடத்தைப் பெருக்கி வைத்துக் காத்திருக்கிறார்.

ம., கோவை:

‘மேம்பாட்டு வரி’ என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

க.:

வரி என்று போட்டால் வழக்கமான சொத்துவரி என்று எண்ணிப் பெரியவர் விட்டுவிடுவார், வழக்கே போய்விடும். இங்கே மாநிலச் சட்டத்தின் 429ஆம் அத்தியாயப்படி, அந்த வேலையால் மனையின் சந்தை மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. ‘என் மதிப்பு அவ்வளவு கூடவில்லை’ என்பதுதான் பெரியவரின் ஒரே ஆயுதம். அதையும் கையெழுத்திட்டு எழுத்தில், விசாரணைக் கூட்டம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிறகு நீதிமன்றம் போக வழியில்லை. இன்னொன்று: சொத்துவரி விலக்குப் பெற்ற தேவாலயம்கூட இதற்குத் தப்பாது. செயின்ட் பால் நகரம் தெருப் பராமரிப்புக்கு முகப்பளவை வைத்து வாங்கியதைக் ‘கட்டணம்’ என்றது. இரண்டு தேவாலயங்கள் வழக்குப் போட்டன. அது கட்டணமல்ல, வரி விதிக்கும் அதிகாரத்தில் வாங்கியதுதான், ஆகவே மதிப்பு உயர்வு என்ற வரம்பு அதற்கும் உண்டு என்று 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரில்தான் எல்லாமே இருக்கிறது ஐயா.

செ., சென்னை:

‘மேம்பாட்டுக் கட்டணம்’ என்றும் போடாதீர்கள். வரைபட அனுமதிக்குப் போனால் இங்கே அந்தப் பெயரில் ஒன்று வாங்குகிறார்கள். அது நாம் கட்டும்போது நாம் கொடுப்பது. உங்களுடையது ஊர் கட்டும்போது நாம் கொடுப்பது.

த., தஞ்சாவூர் (தமிழாசிரியர், ஓய்வு):

வரியும் வேண்டாம், வடசொல்லும் வேண்டாம். ‘பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்றார் வள்ளுவர். வரிக்கு இறைதான் நம் சொல். வரி நீக்கிய நிலத்தைக் கல்வெட்டில் ‘இறையிலி’ என்று படித்திருப்பீர்கள். முகப்பளவில் வாங்குவதால் முகப்பு + இறை = முகப்பிறை. முகம், முகடு, முகப்பு, முகவாய், எல்லாம் முன்னிற்றல் என்னும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. முகில்கூட மலையை முட்டி முன்னிற்பதே என்பேன்.

ம.:

முகில் எதற்கு ஐயா வந்தது? போகட்டும். முகம் + பிறை என்றாலும் முகப்பிறைதானே? ‘உங்கள் முகப்பிறை இவ்வளவு டாலர்’ என்று கடிதம் வந்தால் பாட்டி வெட்கப்படுவார்.

த.:

புணர்ச்சி தெரியாதவர்கள் சிரிக்கலாம்.

வே., திண்டிவனம்:

முப்பது வருடம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று எழுதி எழுதி என் விரல் தேய்ந்தது. அந்தத் தீர்வை என்ன? அசெஸ்மென்ட்தான். நிலத்தைப் பார்த்து, தரம் பார்த்து, இவ்வளவு என்று விதிப்பது. சொல் நம் தாலுகா கச்சேரியிலேயே கிடக்கும்போது எதற்குப் புதிதாய்ச் செய்ய வேண்டும்?

சி., யாழ்ப்பாணம்:

தீர்வை என்றால் எங்களுக்குச் சுங்கத் தீர்வைதான் ஞாபகம் வரும். மாநகர சபை அசெஸ்மென்டை எங்கட சனம் சோலைவரி என்று சொல்லும். ஆனால் அது வருசா வருசம் கட்டுறது. இது ஒரு வேலைக்கு ஒருக்கால்.

த.:

சோலைவரி! அருமை. சோலை என்பது இங்கே தோட்டத்தோடு கூடிய மனையாக இருக்க வேண்டும்...

(இதையடுத்து சோலை பற்றி மட்டும் பதினோரு மடல்கள். தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். - மட்டுறுத்துநர்)

செ.:

தலைப்புக்குத் திரும்புவோம். மனைக்கு வரும் பயனை வைத்து விதிப்பதால் ‘பயன்தீர்வை’?

த.:

பயன் தீர்ந்தது என்று படிக்கலாம். புணர்ச்சியைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர்கள் கவனிக்க.

ம.:

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘தெருப்பணித் தீர்வை’ என்றால்? எந்தத் தெரு, என்ன பணி என்று கேட்கவாவது தோன்றும்.

வே.:

எனக்குச் சம்மதம்.

சி.:

சுங்கம் என்று யாரும் நினைக்காதபடிக்கு முன்னால் ‘தெரு’ இருக்குது. சரி.

செ.:

சாக்கடைக் குழாய், நடைபாதை, தெருவிளக்குக்கும் இதே முறையில் வாங்குவார்களே, அதற்கெல்லாம் தெருப்பணி பொருந்துமா? ... வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். விடுங்கள்.

க.:

அனைவருக்கும் நன்றி. ‘தெருப்பணித் தீர்வை’ என்று போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘இது ஆண்டுதோறும் கட்டும் சொத்துவரி அல்ல, இந்தத் தெரு வேலைச் செலவில் உங்கள் பங்கு’. பெரியவர் ஆட்சேபணையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாட்டி முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு, ‘ஓ, ரோட்டுக் காசா?’ என்றார். இப்போது தெருவில் மூன்று தமிழ் வீட்டிலும் அதுதான் பெயர்.

த.:

‘ரோட்டு’ நீங்கலாக ஏற்கிறேன். காசாகக் கட்டும் வரிக்குக் கல்வெட்டில் ‘காசாயம்’ உண்டு. ஆயினும் நம் கலைச்சொல் பட்டியலில் முகப்பிறை என் பெயரில் தனியே பதிவாக வேண்டும்.