குடும்பக் குழுவில் ஒரு சிரிஞ்ச் பம்ப் பஞ்சாயத்து

நான்: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்குச் சிரிஞ்ச் பம்ப் (சிரிஞ்சின் தண்டை மோட்டாரும் ஸ்க்ரூவும் வைத்து மெதுவாகத் தள்ளும் கருவி) வாங்க வேண்டும், எதை வாங்குவது என்று என்னைத்தான் முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். தலைமுடி அளவு கால்வாய்கள் உள்ள சின்ன சிலிக்கோன் சிப், அதில் ஒரு வழியாக எண்ணெய், இன்னொரு வழியாகத் தண்ணீர், இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் துளித்துளியாக அறுபடும். இருக்கிற பழைய பம்பில் துளி ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகிறது.

சித்தி: எங்கள் ஐசியூவில் இருக்கிறதே, அதே பம்ப்தானே? 50 எம்எல் சிரிஞ்சை மாட்டி, மணிக்கு இத்தனை எம்எல் என்று போட்டால் ஓடிக்கொண்டிருக்கும்.

நான்: வேலை அதேதான் சித்தி. ஆனால் எனக்குத் தண்ணீர் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர், உங்கள் கணக்கில் மணிக்கு 0.12 எம்எல்.

சித்தி: அடேயப்பா! அவ்வளவு மெதுவாக என்றால் பெரிய சிரிஞ்ச் ஆகவே ஆகாது. பச்சைக்குழந்தை வார்டில் நாங்கள் சின்ன சிரிஞ்ச்தான் போடுவோம், பெரியது போட்டால் பட்டனை அழுத்தி வெகுநேரம் ஆகியும் மருந்து போய்ச் சேராது. நீ எத்தனை எம்எல் போடுகிறாய்?

நான்: 10 எம்எல், பிளாஸ்டிக்.

மாமா: கண்ணு, அந்தப் பம்பில் ஸ்க்ரூ பிட்ச் எவ்வளவு, அதாவது ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் தள்ளும்? மோட்டார் விட்டுவிட்டுத்தானே நகரும், ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்டெப்?

நான்: பிட்ச் 1 மி.மீ., 200 ஸ்டெப் மாமா.

மாமா: அப்போது ஒரு ஸ்டெப்புக்கு 5 மைக்ரான். 10 எம்எல் சிரிஞ்சின் உள்விட்டம் ஏறக்குறைய 14.5 மி.மீ., பரப்பு 165 சதுர மி.மீ., ஆக ஒரு ஸ்டெப்புக்கே 0.8 மைக்ரோலிட்டருக்கு மேல் தள்ளிவிடும். நீ கேட்கும் வேகத்தில் 25 விநாடிக்கு ஒரு தள்ளு, அப்புறம் சும்மா நிற்கும். துளி எப்படி ஒரே அளவாக வரும்?

நான்: ஒரு விநாடிக்கு 60 துளி போல வருகிறது மாமா. அப்படியென்றால் ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் நடுவில் 1500 துளி!

மாமா: அதேதான். பம்பை மாற்றும் முன் சிரிஞ்சை மாற்றிப் பார். இன்னொன்று, ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் பிளே, அதாவது சின்ன இடைவெளி இருக்கும், லேத்தில் ஹேண்டிலைத் திருப்பிப் போட்டால் கொஞ்ச தூரம் டூல் நகராதே, அது மாதிரி. ஆரம்பிக்கும்போது வேகமாகத் தள்ளி அந்த இடைவெளியை எடுத்துவிட்டு வேகத்தைக் குறை.

சித்தி: நாங்களும் லைனை மாட்டும் முன் அப்படித்தான் வேகமாகத் தள்ளிக் காற்றை வெளியேற்றுவோம், பர்ஜ் என்போம்! குழாயில் காற்றுக் குமிழி இருக்கவே கூடாது பாப்பா, பம்பை மேலே கீழே தூக்கி வைக்கவும் கூடாது, குபுக்கென்று போய்விடும்.

அண்ணன்: நாமே செய்தால் என்ன? அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பொசைடன் என்று 3டி பிரிண்டில் செய்யும் பம்ப் வடிவமைப்பை 2019-இல் வெளியிட்டார்கள், ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டில் ஓடும். மூன்று பம்பும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் சேர்த்தே அப்போது 400 டாலருக்குள்தான்.

நான்: செல்களுக்கு ஊட்டம் கொடுக்க அது போதும் அண்ணா, ஆசையாகத்தான் இருக்கிறது. துளிக்கு ஸ்க்ரூவும், தள்ளும் பகுதியை நேராக ஓட்டும் கைடும் துல்லியமாக இருக்க வேண்டும், அங்கே நான் பணத்தை மிச்சம் பிடிக்க மாட்டேன்.

அண்ணன்: சரி, ஒரே பம்பில் இரண்டு சிரிஞ்ச் மாட்டுவது கிடைக்கிறதே?

நான்: அதில் ஒரே மோட்டார் இரண்டையும் ஒன்றாகத் தள்ளும். எண்ணெய் வேகத்தை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. எனக்குத் தனித்தனியாக இரண்டு வேண்டும்.

சித்தி: அடைத்துக்கொண்டால் அலாரம் அடிக்குமா என்று கேட்டாயா?

நான்: நல்லவேளை கேட்டீர்கள். அடைப்பு வந்தாலும் எங்கள் பழைய பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், போன மாதம் அப்படித்தான் ஒரு சிப் ஒட்டு விட்டுப் பிரிந்தது. விசைக்கு வரம்பு வைக்கும் வசதியும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

(மறுநாள் மாலை)

நான்: மாமா, பக்கத்து ஆய்வகத்தில் 250 மைக்ரோலிட்டர் கண்ணாடி சிரிஞ்ச் கடன் வாங்கி அதே பழைய பம்பில் போட்டேன். உள்விட்டம் 2.3 மி.மீ. இரண்டு மணி நேரத்துக்குத்தான் தண்ணீர் வரும், ஆனால் துளிகள் ஏறக்குறைய ஒரே அளவு! உற்றுப் பார்த்தால் இன்னும் லேசாக ஒரு துடிப்பு தெரிகிறது.

மாமா: அது மோட்டார் ஸ்டெப். ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரித்து ஓட்டும் பம்பா என்று கேட்டு வாங்கு. வீடியோ அனுப்பு கண்ணு.