ஷேடோ போர்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1: ஏசி மெக்கானிக், கோவை

அனைவருக்கும் வணக்கம்.

நெடுநாளாக இந்தக் குழுவின் மடல்களைப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு சொல் தேவைப்படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் கோவையில் ஏசி பழுது பார்க்கிறேன். என் பட்டறை, கடை எல்லாமே ஒரு ஆம்னி வண்டிதான். இரண்டு தம்பிகள் என்னிடம் தொழில் பழகுகிறார்கள். வண்டியை எப்படி அடுக்கி வைப்பது என்று அவர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நைட்ரஜன் சிலிண்டர், வேக்குவம் பம்ப் மாதிரி கனமானவை தரையோடு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். ஏசியில் ஏற்றுகிற ஆர் 32 கேஸ் சிலிண்டர் நின்றபடி, பெல்ட் போட்டுக் கட்டி. அது லேசாகத் தீப்பற்றும் வகை என்பதால் மதிய வெயிலில் கண்ணாடியை அடைத்து வண்டியை நிறுத்தக் கூடாது. ஃப்ளேர் நட், வால்வு கோர், ஃப்யூஸ் மாதிரி உதிரிகள் அறை அறையாகப் பிரித்த பெட்டியில். கெப்பாசிட்டர் மட்டும் தனியாக, மதிப்பைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி. 36, 40, 45, 50 மைக்ரோஃபாரட் எல்லாம் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிப் போட்டால் கம்ப்ரசர் சூடாகிக் கெடும். இவ்வளவும் தமிழில் தடையில்லாமல் எழுத வந்தது. ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

ஷேடோ போர்டு. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியையும் வைத்து, அதன் உருவத்தை அப்படியே வரைந்து வண்ணம் பூசிவிடுவார்கள். கருவியை அதன் உருவத்தின் மேலேயே மாட்ட வேண்டும். எடுத்தால் வண்ணம் வெளியே தெரியும், எது இல்லை என்பதும் உடனே தெரியும்.

இதை நான் செய்ததற்குக் காரணம் உண்டு. போன ஐப்பசியில் ஒரு அடுக்குமாடியில், மூன்றாவது மாடி அவுட்டோர் யூனிட்டின் தலையில் பத்து இன்ச் ஸ்பேனரை வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டேன். கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இடம். ராத்திரி பத்தரை மணிக்குப் படுக்கையில் திடீரென்று நினைவு வந்தது. யூனிட் ஓடும்போது அதிரும், அதிர்ந்தால் ஸ்பேனர் நகரும். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், காவலாளியிடம் சொல்லி, மேலே ஏறி எடுத்தேன். விளிம்புக்கு இரண்டு விரற்கடைதான் பாக்கி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே 12 மி.மீ. ப்ளைவுட் ஒன்று வாங்கிக் கருப்பு அடித்தேன். தரையில் போட்டு 26 கருவிகளைப் பரப்பினேன். என் மகள் சாக்பீஸ் எடுத்து, நோட்டில் தன் கையை வைத்து வரைவதைப் போலவே, ஒவ்வொன்றையும் சுற்றி வரைந்து கொடுத்தாள். உள்ளே சிவப்புப் பெயின்ட் நிரப்பினேன். வெறும் கோடு மட்டும் போட்டுப் பார்த்தேன், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணில் படவில்லை. வேகத்தடையில் வண்டி துள்ளும்போது கொக்கியில் மாட்டியவை கழன்று விழுந்தன. அதனால் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி அடித்து, அதற்குள் கருவியைச் செருகுகிறோம். பலகை முன் இருக்கைகளுக்குப் பின்னால் தடுப்பு மாதிரி நிற்கிறது. பின் கதவைத் தூக்கினால் நேரே தெரியும்.

தம்பிகள் இதைச் சில நேரம் 'போர்டு' என்கிறார்கள், சில நேரம் 'அந்தச் சிவப்பு'. குறிப்பில் எழுத எனக்கு ஒரு நல்ல சொல் வேண்டும். நிழற்பலகை என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. உதவுங்கள்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் நிழல் என்றால் முதலில் குளிர்ச்சி, அடைக்கலம். பேருந்து நிறுத்தத்தில் 'பயணியர் நிழற்குடை' என்று எழுதியிருக்கிறார்களே, அங்கே நிழற் என்பது நிழல் தருவது. அந்தப் பழக்கத்தில் நிழற்பலகையும் வெயில் மறைக்கிற பலகையாகத்தான் காதில் விழும். நிழற்படம் என்ற சொல் உண்டு என்பீர்கள். அதுவே பேச்சில் ஊன்றவில்லை, எல்லாரும் போட்டோ என்றே சொல்கிறோம்.

இன்னொன்று. நிழல் என்பது பொருள் இருக்கும்போது விழுவது. பொருளை எடுத்தால் நிழலும் போய்விடும். நீங்கள் சொல்லும் பலகையில் நடப்பது நேர் எதிர். பொருளை எடுத்த பிறகுதான் அது தெரிகிறது. ஆங்கிலத்தில் எப்படியோ அந்தச் சொல் அமைந்துவிட்டது, அதை நாமும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

பொருள் போன பின்னும் நிற்பதற்குத் தமிழில் சுவடு, தடம், தழும்பு என்று சொற்கள் உண்டு. தழும்பு உடம்புக்கு உரியது, விடுவோம். 'சுவட்டுப் பலகை' பொருளில் சரியாக வருகிறது, ஆனால் ஓலைச்சுவடி வந்து குறுக்கே நிற்கும். தடப்பலகை எனக்குப் பிடித்திருக்கிறது. மரம், மரப்பலகை ஆவதைப் போல இதுவும் இயல்பான புணர்ச்சி. இலக்கணக்காரர் ஒருவர் தடை சொல்லக்கூடும். தொல்காப்பிய உரியியலில் 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்று வருகிறது. தடக்கை என்றால் பெரிய கை. அந்தக் கணக்கில் தடப்பலகை 'பெரிய பலகை' என்றும் பொருள்படும். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது முறை. ஆனால் அந்தத் தட இன்று பேச்சில் இல்லை, செய்யுளில்தான் இருக்கிறது. பயப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

உருவரைப் பலகை, கோட்டுருப் பலகை என்றெல்லாம் வேறு சிலர் முன்மொழியலாம். அவற்றில் பிழை இல்லை. ஆனால் உங்கள் வண்டியில் நின்று யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மடல் 3: தொழிற்சாலைத் தர மேற்பார்வையாளர், ஓசூர்

வணக்கம் ஐயா, வணக்கம் அண்ணா.

ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதனால் உடனே எழுதுகிறேன். நாங்கள் தொழிற்சாலையில், வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் ஃபைவ் எஸ் முறையைப் பின்பற்றுகிறோம். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்துதான் அந்த எஸ். அதில் இரண்டாவதான செய்தோன், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வகுத்து வைப்பது. அண்ணன் வண்டியில் செய்திருப்பது அதுதான்.

கருவியின் உருவத்தை வரைந்து வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானியர்கள் நிழல் என்று பெயர் வைக்கவில்லை. 'கெய்செகி கன்ரி' என்கிறார்கள். கன்ரி என்றால் நிர்வாகம். கெய்செகி என்பதை இரண்டு எழுத்தில் எழுதுவார்கள்: முதல் எழுத்துக்கு உருவம் என்று பொருள், இரண்டாவதுக்குச் சுவடு, தடம். ஆக, தடத்தை வைத்து நிர்வகிப்பது. ஐயா நிழலை விட்டுவிட்டு வந்து நின்ற இடத்தில்தான் அவர்களும் நிற்கிறார்கள்.

என் ஓட்டு தடப்பலகைக்கு. எங்கள் ஆலைக்கு வெளியிலிருந்து வந்து தமிழில் பயிற்சி தருபவர் 'நிழல் பலகை' என்றுதான் சிலைடில் போடுகிறார். அடுத்த முறை வரும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

மடல் 4: விமானப் பழுதுபார்ப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சூலூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

இரண்டு விஷயம். முதலாவது, எங்க கொங்கு நாட்டில் தடம் என்றால் வழி. 'இந்தத் தடத்திலே நேரா போங்க' என்று சொல்கிற ஊர் இது. பஸ்ஸுக்கும் வழித்தடம்தான். தடப்பலகை என்றால் ஊர்ப் பெயர் எழுதிய கைகாட்டிப் பலகை என்று எங்க ஆட்கள் நினைக்க மாட்டார்களா? யோசிங்க.

இரண்டாவது, எல்லாமே பலகை இல்லை. விமான வேலையில் கருவிகள் டிராயருக்குள் ஃபோமில் படுத்திருக்கும். மேல் அடுக்கு கருப்பு ஃபோம், அதில் கருவியின் உருவத்தில் வெட்டியிருப்பார்கள். கீழ் அடுக்கு மஞ்சளோ சிவப்போ. கருவியை எடுத்தால் குழியின் அடியில் அந்த நிறம் தெரியும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு குழியும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானத்தை விடுவார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவர் காணோம் என்றால் விமானம் நின்றுவிடும். இன்ஜினுக்குள்ளேயோ கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு நடுவிலேயோ அது கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நானே ஒரு தடவை ஒரு டார்ச் பேட்டரி மூடிக்காக நாலு மணி நேரம் தேடியிருக்கிறேன். கிடைத்த பிறகுதான் சாப்பாடு.

இதைப் பலகை என்று சொல்ல முடியாதுங்க. குழித்தட்டு என்று சொல்லலாம் என்பது என் யோசனை. தோட்டக்கலைத்துறை ப்ரோட்ரேவுக்கு வைத்த பேர் அது. 98 குழி உள்ள தட்டில் தக்காளி நாற்று விடுகிற எங்க ஊர் விவசாயிகள் எல்லாம் 'குழித்தட்டு நாற்று' என்று தாராளமாகச் சொல்கிறார்கள். வாயில் ஏறிவிட்ட சொல்.

மடல் 5: ஏசி மெக்கானிக், கோவை

ஐயாவுக்கும் ஓசூர் தம்பிக்கும் சூலூர் அண்ணனுக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. சொல்லை வண்டியில் ஓட்டிப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

முதல் நாலு நாள் வேண்டுமென்றே நிழல் என்றே சொன்னேன். செவ்வாய்க்கிழமை பீளமேட்டில் வேலை முடிந்தது. கிளம்பும்போது சின்னத் தம்பியிடம், "கதவச் சாத்தறதுக்கு முன்னாடி நிழலப் பாரு" என்றேன். அவன் அண்ணாந்து வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி நிழல்லதாண்ணா நிக்குது" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த பிள்ளை அப்படித்தான் புரிந்துகொள்வான். ஐயா தஞ்சாவூரில் உட்கார்ந்து சொன்னதை அவன் வேப்பமரத்தடியில் நின்று சொல்லிவிட்டான்.

அடுத்த நாளிலிருந்து தடம் என்றேன். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் கேஸ் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். பெரிய தம்பி பின் கதவில் கை வைத்தபடி கத்தினான்: "அண்ணா, ஒரு தடம் காலி!" சர்வீஸ் வால்வு திறக்கிற அஞ்சு மில்லிமீட்டர் ஆலன் கீ. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், வால்வு மூடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. சுண்டுவிரல் தண்டி இருக்கிற சாமான், இருட்டில் போயிருந்தால் கிடைத்திருக்காது.

'தடம் காலி.' இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகச் சொன்னான். ஒரு கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தலைப்பில் மட்டும் நிற்கிற சொல்லாக இல்லாமல், அவசரத்தில் கத்த முடிகிற சொல்லாக அது இருக்கிறது. 'உருவரை காலி' என்று யாரும் கத்த மாட்டார்கள்.

சூலூர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, நானும் அதே ஊர்க்காரன்தான். என் அம்மாவும் "தடம் பாத்துப் போ சாமி" என்றுதான் சொல்லுவார். அவரிடமே கேட்டேன். வீட்டில் தினசரி காலண்டர் ஆணியில் தொங்கும். வருஷப் பிறப்புக்குப் பழைய அட்டையைக் கழற்றினால், சுற்றிலும் சுவர் மங்கியிருக்க, அட்டை இருந்த சதுரம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதைக் காட்டி, "அம்மா, இது என்ன?" என்றேன். "காலண்டர் இருந்த தடம்" என்றார், யோசிக்கவே இல்லை. வழியும் தடம், இதுவும் தடம். யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். ஒற்றையடித் தடம் என்பது பல கால்கள் போன பிறகு நிலத்தில் நிற்கிற அடையாளம். போனது ஆள், நின்றது தடம். அங்கே கால், இங்கே ஸ்பேனர். கைகாட்டிப் பலகை என்று வண்டிக்குள் யாரும் குழம்பவில்லை அண்ணா.

ஃபோமுக்குக் குழித்தட்டு என்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். மேனிஃபோல்ட் கேஜும் ஃப்ளேரிங் டூலும் அடிபடாமல் படுக்க ஒரு டிராயர் செய்யப்போகிறேன், அதற்கு அதுதான் பேர். நாற்றுக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குழிக்குள் தெரிகிற நிறத்தையும் தடம் என்றே சொல்லலாம், அது பலகையில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும்.

ஆக, குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

தடம்: கருவி வைக்கும் இடத்தில் அதன் உருவத்திலேயே பூசிய வண்ணம். கருவியை எடுத்தால் தெரியும்.

தடப்பலகை: தடங்கள் பூசி, கருவிகளை மாட்டும் பலகை. கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி நிறுத்த வேண்டும். தடம் கோடாக இருக்கக் கூடாது, நிரப்பியிருக்க வேண்டும்.

குழித்தட்டு: கருவி உருவத்தில் குழி வெட்டிய ஃபோம் தட்டு. குழியின் அடி வேறு நிறமாக இருக்க வேண்டும்.

தடம் பார்த்தல்: ஒவ்வொரு வேலை முடிந்ததும், வண்டியைச் சாத்தும் முன் காலித் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது. காலி இருந்தால் வண்டி நகரக் கூடாது.

கடைசி வரி சூலூர் அண்ணன் விமானத்தை நிறுத்திய கதையைப் படித்த பிறகு சேர்த்தது.

உதிரிப் பெட்டிக்கு ஒருவர் தனி மடலில் 'உதிரிப்பேழை' என்று எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் கிரீஸ் கையோடு சொல்ல வராது. சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கும்போது, பதினெட்டு அறை உள்ளதை அறைப்பெட்டி என்றால் போதும் என்று நினைக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு மடல் போடுகிறேன், இதில் கலக்க வேண்டாம்.

குறிப்பை வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், லேமினேட் செய்து பின் கதவின் உட்பக்கம் ஒட்ட. அதற்குள் தடப்பலகைக்கு மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.