ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் சிறையில் இருந்தான்

என் அத்தை மகன் வேலை பார்த்த வீட்டில் நகை காணாமல் போனது. சந்தேகத்தின் பேரில் அவனைக் கைது செய்தார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, ரிமாண்டு செய்து, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்கி, சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை எல்லாம் சட்டப்படியே நடந்தது. விசாரணை முடியவில்லை என்று சொல்லி முதல் ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

வக்கீல் வைக்க அத்தையிடம் வசதி இல்லை. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தோம். வந்த வக்கீல் அம்மா வழக்குக் கட்டைப் புரட்டியதும் கேட்ட முதல் கேள்வி, "ரிமாண்டு ஆன தேதி என்ன?"

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய வழக்கு என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடுகிறது. குற்றம் செய்தானா இல்லையா என்ற பேச்சே அங்கே எழாது. கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்டு ஆன நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த நாளும் கணக்கில் சேரும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மனு கொடுத்த பிறகு வந்தால் பாதிப்பில்லை. அதனால் 60 நாள் முடிந்த மறுநாள் காலை, கோர்ட் கூடும்போதே அந்த அம்மா மனுவோடு நின்றார். ஜாமீன் கிடைத்தது.

அன்றே வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அத்தை காத்திருந்தார். வரவில்லை. அவன் கோர்ட்டுக்குத் தவறாமல் வருவான் என்று பொறுப்பேற்கும் இரண்டு பிணையாட்கள் தேவை, சொத்துக்கான ஆவணமும் வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்பவர்களின் உறவுக்காரர்களும் வாடகை வீட்டுக்காரர்கள்தானே! சொத்துள்ள ஒருவர் சம்மதித்துவிட்டு, 'போலீஸ் விவகாரம்' என்று பின்வாங்கினார். எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் இதுதான். ஏழை என்ற ஒரே காரணத்துக்காக, நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த ஒருவன் கம்பிக்குள் கிடப்பது பெரிய அநியாயம்.

இதற்கும் வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அந்த அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. நிபந்தனையைக் குறைக்கக் கோரி உடனே மனுப் போட்டார். ஒரு பிணையாளே போதும் என்று நீதிபதி திருத்திக் கொடுத்தார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு வாய்தாவையும் அவன் தவறவிடுவதில்லை. ஆஜராகாமல் போனால் பிடிவாரண்டு வரும், கிடைத்த ஜாமீனும் ரத்தாகலாம்.