மறு: லிபர்ட்டி கப்பல் கட்டுரை – 'தெறிமுறிவு' போகட்டும், 'ஒடிவு' எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உலோகம் வளைந்து கொடுக்காமல் திடீரென்று உடைவதைப் பொறியியலில் 'பிரிட்டில் ஃபிராக்சர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நான் முன்வைத்த 'தெறிமுறிவு'தான் மூன்று நாளாக இந்த இழையில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதை இன்று காலை படித்ததும் அதை நானே கைவிட்டேன்.

> எங்கட பாடப்புத்தகத்தில ஒளி கண்ணாடியில பட்டுத் திரும்புறது தெறிப்பு. தண்ணிக்குள்ள போகேக்க வளையிறது முறிவு. தெறிமுறிவு எண்டு எழுதினா பிள்ளைகள் பௌதிகவியல் புத்தகத்தைத்தான் எடுப்பினம்.

இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. இங்கே தமிழ்நாட்டில் நாம் 'எதிரொளிப்பு', 'ஒளிவிலகல்' என்று படித்து வளர்ந்ததால் எனக்கு அது தோன்றவே இல்லை. நன்றி, நண்பரே.

ஆனால் சொல் தேவைப்படும் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிக் குவித்த லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1941 முதல் 1945 வரை 18 கட்டுந்துறைகளில் 2,710 கப்பல்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிப்பதைவிட வேகமாகக் கட்ட வேண்டும் என்பதே கணக்கு. தகட்டோடு தகட்டைத் தறையாணி (ரிவெட்) அடித்துச் சேர்க்கும் பழைய முறைக்கு நேரமும் தேர்ந்த ஆளும் வேண்டும். அதனால் பெரும்பாலும் வெல்டிங்குக்கு மாறினார்கள். கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 'ராபர்ட் இ. பியரி' என்ற கப்பலை 1942 நவம்பரில் ஐந்து நாளுக்குள் கட்டித் தண்ணீரில் இறக்கியதும் நடந்தது. அது விளம்பரத்துக்காகச் செய்த வேலை, ஆனாலும் கப்பல் நிஜம்.

அப்புறம்தான் கப்பல்கள் உடையத் தொடங்கின. குண்டு படாமல், பாறையில் மோதாமல். இதுதான் அந்தப் 'பிரிட்டில் ஃபிராக்சர்'.

> நொறுங்குமை, நொறுங்கு முறிவு என்று ஏற்கெனவே புழங்குகிறதே. புதுச்சொல் எதற்கு?

இந்தக் கேள்விக்கு 'ஸ்கெனெக்டடி'யை வைத்துப் பதில் சொல்கிறேன். அது லிபர்ட்டி அல்ல, அதே காலத்தில் அதே வெல்டிங் முறையில் கட்டிய எண்ணெய்க் கப்பல். 1943 ஜனவரி 16 இரவு, ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் கட்டுந்துறையிலேயே கட்டிக் கிடந்தது. காற்று இல்லை, அலை இல்லை, நல்ல குளிர் மட்டும். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம். மேல்தளமும் இரு பக்கத் தகடுகளும் நடுவில் பிளந்து, நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே கூனிக்கொண்டு எழும்பியது. முன்னும் பின்னும் ஆற்றுப்படுகையில் போய் உட்கார்ந்தன. அடித்தகடு மட்டும் அறாமல் இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது.

இதில் எங்கே நொறுங்கல்? நொறுங்குவது அப்பளம். கையில் அழுத்தினால் பத்துத் துண்டாகும். இங்கே கப்பல் இரண்டே துண்டு, அதுவும் சுத்தமான வெட்டு. 'நொறுங்கு முறிவு' என்று படிக்கிற மாணவன் சில்லு சில்லாகப் போன ஒரு கப்பலைத்தான் மனத்தில் பார்ப்பான்.

> எல்லாமே உடைவதுதானே ஐயா. 'உடையும் தன்மை' போதாதா?

போதாது ஐயா. 'பிரேக்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் ஒரு அடைமொழி ஒட்டுவது ஆங்கிலக்காரர்கள் பழக்கம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூல் அறும், பானை உடையும், துணி கிழியும், விறகு பிளக்கும், அப்பளம் நொறுங்கும், கிளை ஒடியும். எதைச் சொல்கிறோமோ அதன் குணத்தை வினைச்சொல்லே சுமந்துகொண்டு வருகிறது. பிறகு எதற்கு 'முறிவு'க்கு முன்னால் ஒரு வாலை, சரி, தலையை ஒட்ட வேண்டும்?

முருங்கைக் கிளையை நினைத்துப் பாருங்கள். புளியம் விளாறு வளைந்து கொடுக்கும், முருங்கை வளையாது. பார்க்கத் தொடையளவு பருமன் இருக்கும், கால் வைத்தால் முன்னறிவிப்பு இல்லாமல் 'மடக்'. பல நேரம் முழுதாக விழுவதும் இல்லை, அடிப்பக்கத்துப் பட்டையில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஸ்கெனெக்டடியின் படத்தை நான் முதலில் பார்த்தபோது எங்கள் கொல்லை முருங்கைதான் ஞாபகம் வந்தது. (பத்து வயதில் அதிலிருந்து விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டவன் நான். எலும்பு 'முறிந்தது', கிளை 'ஒடிந்தது' என்றுதான் ஆத்தா எல்லோரிடமும் சொன்னாள்.)

ஆகவே என் முன்மொழிவு: பிரிட்டில் ஃபிராக்சருக்கு 'ஒடிவு'. அந்தக் குணத்துக்கு 'ஒடிமை'. 'அடிமை' போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்வீர்கள் என்று தெரியும், பழகிவிடும். ஒல்லியானவர்களை 'ஒடிசல்' என்கிறோமே என்ற சந்தேகம் எனக்கே வந்தது. ஆனால் அங்கேயும் உள்ளே இருப்பது இதே 'ஒடிந்துவிடுமோ' என்ற பயம்தான்.

எனக்குச் சொல் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த உடைசல்களுக்கு முதலில் பழி விழுந்தது வெல்டிங் மேல், புதிதாக வேலை கற்றுக்கொண்ட ஆட்கள் மேல். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியல் அறிஞர் எஃகையே எடுத்துச் சோதித்தார். சாதாரண வெப்பத்தில் இழுத்தால் இழுபட்டு, மெலிந்து, பிறகு அறுகிற அதே எஃகு, ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்தால் இழுபடாமலே ஒடிந்துபோகிறது என்று காட்டினார். உடைந்த முகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இழுபட்டு அறுந்தது மங்கலாக, நார் நாராக இருக்கும். ஒடிந்தது கற்கண்டை உடைத்த மாதிரி மணி மணியாக மின்னும். வெல்டிங்குக்கும் பங்கு உண்டுதான், ஆனால் வேறு வழியில். தறையாணிக் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டு செய்த கப்பல் முழுக்க ஒரே தகடு மாதிரி, விரிசல் நிற்க இடமில்லை. போதாததற்குச் சரக்கறை வாய்கள், அதாவது சரக்கை உள்ளே இறக்க மேல்தளத்தில் விடும் திறப்புகள், சதுர மூலைகளோடு இருந்தன. இழுவிசை எல்லாம் அந்த மூலையில் போய்க் குவியும்.

டிப்பர் காட்டிய அந்த வெப்ப அளவை 'நீள்மை-நொறுங்குமை நிலைமாற்று வெப்பநிலை' என்று ஒரு கலைச்சொல் பட்டியலில் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது. நமக்குக் கொதிநிலை இருக்கிறது, உருகுநிலை இருக்கிறது, உறைநிலை இருக்கிறது. அதே அச்சில் 'ஒடிநிலை'. கொதிநிலை போல ஒரே புள்ளியில் நிற்காமல் சில பல டிகிரிகளுக்கு இடையே மாறுவது என்பதை விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

கட்டுரையில் வைத்துப் பார்த்தேன்: "அந்தத் தகடுகளின் ஒடிநிலை, அவை மிதந்த தண்ணீரின் வெப்பநிலையைவிட மேலே இருந்தது." எந்த அடிக்குறிப்பும் இல்லாமல் என் மனைவிக்குப் புரிந்தது. அவள் வரலாறு படித்தவள்.

'ஜான் பி. கெயின்ஸ்' பற்றிய பத்திக்கும் பொருந்துகிறது. அது அசல் லிபர்ட்டி சரக்குக் கப்பல். 1943 நவம்பர் 24 அன்று அலாஸ்காப் பக்கத்துக் குளிர்கடலில் ஒடிந்தது, பத்துப் பேர் இறந்தார்கள்.

அடுத்து, 'கிராக் அரெஸ்டர்', அதாவது ஓடிவரும் விரிசலைத் தடுத்து நிறுத்தும் பட்டை.

> 'விரிசல் கைதுப்பட்டை' எப்படி?

சிரித்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விரிசலைப் பிடித்து எந்த ஸ்டேஷனில் வைப்பது? பிரச்சினை தெரிந்த பிறகு சரக்கறை வாயின் மூலைகளை வளைத்தார்கள். மேல்தளத்தில் நீள வாக்கில் வெட்டுவிட்டு, அதன் மேல் ஒரு பட்டையை வெல்டு செய்யாமல் பழையபடி தறையாணி அடித்துப் பொருத்தினார்கள். ஓடிவரும் விரிசல் அந்த வெட்டோடு நின்றுவிடும், தாண்டிப் போகத் தொடர்ச்சி கிடையாது. வேலை மறிப்பதுதான். 'மறிபட்டை' போதும். மறியல் தெரியாத தமிழர் உண்டா?

ஒன்றுதான் இன்னும் முடிச்சு விழாமல் இருக்கிறது. ஒடிவுக்கு எதிர்ப்பக்கம், அதாவது இழுபட்டு மெலிந்து அறுவதற்கு என்ன சொல்? 'இழுமுறிவு' என்று முதலில் எழுதி வைத்திருந்தேன், ஒளி விஷயத்தால் அதுவும் போயிற்று. 'அறுகை' என்று போட்டால் அறுகம்புல் ஞாபகம் வருகிறது. 'இழுவறல்' எனக்கே பிடிக்கவில்லை. கம்பி இழுக்கிற பட்டறைப் பக்கம் யாருக்காவது பழக்கம் இருந்தால், கம்பி மெலிந்து போய் அறுவதை அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் கட்டுரையில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
கட்டுரைக்காரன்