கோட்டை வாசலில் காதுக்குள் ஒரு குரல்

உப்புவெளிக்காரன்:
திருமலைக் (திருகோணமலை) கோட்டைக்கு வழிகாட்டிச் செயலியை நம்பிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் வாசலைத் தாண்டும்வரை போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கனடாவிலிருந்து வந்த அக்காவின் மகளோடு போயிருந்தேன். அவளிடம் இருந்தது, நாம் நிற்கும் இடத்தை அறிந்து தானாகப் பேசும் செயலி. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டிய கதையை நன்றாகத்தான் சொன்னது. ஆனால் கதை முடியும்போது மான்கள் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். அந்தக் கற்களில் ஒன்று வாசல் நிலையிலேயே இருக்கிறது. இரட்டை மீனும், கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் பெயரோடு 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் தமிழ் வரிகளும் அதில் உண்டு. செயலியில் அதைப்பற்றி மூச்சே இல்லை! ஜிபிஎஸ் சில மீற்றர் முன்பின்னாகக் காட்டும், ஒற்றைக் கல்லைச் சுட்ட அது உதவாது. அங்கே ஒரு கியூஆர் பலகை வைத்தாலே போதும்.

திரும்பக் கூட்டிவந்து காட்டினேன். "மாமா, எழுத்து ஒண்டும் விளங்கேல்லையே" என்றாள். உண்மைதான், தேய்ந்துபோய்விட்டது. தேய்ந்த கல்வெட்டைப் பல பக்கமிருந்து வெளிச்சம் அடித்துப் படமெடுத்து இணைக்கும் முறை ஒன்று இருக்கிறது. திரையில் விரலால் வெளிச்சத்தை நகர்த்த, மங்கிய வெட்டுகள் எழும்பித் தெரியும். செயலி செய்ய வேண்டிய வேலை அதுதான். ஆண்டுக் கணக்கை யாரும் வாசித்துக்கொள்ளலாம்.

கடற்கரைவீதி:
வாசலுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் கோட்டைக்குள்ளே கோயில் இருக்கும் மலை உச்சியில் போன் இல்லாமல் என்ன தெரியும்? 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது சுழியோடித் தோழர் மைக் வில்சனும் சுழியோடிக் கண்ட பழைய கோயில் தூண்கள் கீழே கடலுக்குள் அல்லவா கிடக்கின்றன. நீருக்கடியில் எடுத்த படங்களை முப்பரிமாணமாக இணைத்துக் காட்டினால், நீந்தத் தெரியாத என் அம்மாவும் பார்ப்பார்.

பழைய கோபுரத்தைத் திரையில் எழுப்பிக் காட்டுகிறவர்கள் மட்டும் 'இது ஊகம்' என்று படத்தின் மேலேயே எழுதட்டும். பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு போங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, கமராவைக் கண்ட பக்கமெல்லாம் திருப்ப வேண்டாம்.